நூற்றுப் பதினேழு குடைகள்

பிப்ரவரி 16

வீட்டில் இல்லாத வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் நலத்தைக் கேட்டு எழுத வேண்டியதில்லை. தங்கை வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?

“பத்து நாள்ல வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட கையோடு மூன்றாம் தேதி வண்டி ஏறினாய். இன்று பதினாறு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனாலும் என் கணக்குக்குப் பதிமூன்று நாள் வருகிறது. உன் கணக்குக்கு எத்தனை வருகிறது என்று எழுது.

போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் வீட்டில்தான் இருக்கிறது; எந்த இடத்தில் என்றுதான் தெரியவில்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அடிக்கும். முதல் நாள் பெட்டிகளுக்குள் கேட்டது. ஆறு சூட்கேஸை இறக்கிப் பார்த்தேன். மறுநாள் குடைகளுக்கு நடுவிலிருந்து கேட்டது. அதற்கு அடுத்த நாள் தொப்பி அலமாரியின் உச்சியில். பெயர் தெரியாத ஒரு பறவை வீட்டுக்குள் கூடு கட்டிக்கொண்டு இடம் மாறி மாறிக் கூவுவதுபோல இருந்தது. நாற்காலியைப் போட்டுக்கொண்டு அது கூவட்டும் என்று காத்திருப்பேன். முந்தாநாளிலிருந்து சத்தமில்லை. சார்ஜ் தீர்ந்திருக்கும்.

ஒடிந்த கைக்கு மாவுக்கட்டுப் போடுவது டாக்டர் வேலை. போட்டுவிட்டு, “வீட்டுல சாமான் ஜாஸ்தியா?” என்று கேட்பது யாருடைய வேலை? பேருந்துப் பணிமனையில் தவறவிட்ட பொருள் அறையை முப்பத்தேழு வருடம் ஒற்றை ஆளாக நடத்தியவன் நான். அந்த அறையில் ஒரு பொத்தான் தொலைந்தது கிடையாது. (போன் கணக்கில் வராது, அது என்னுடையது.) எனக்குச் சாமான் வைக்கத் தெரியவில்லை என்று, மீசை இன்னும் முளைக்காத ஒருவர் சொல்கிறார். நீயும் தலையை ஆட்டிவிட்டு வந்தாய்.

கீழ் வீட்டு டைலர் நேற்று மேலே வந்தார். “அக்கா இல்லாம வீடே காலியா இருக்குமே சார்” என்று ஆரம்பித்தவர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “காலியாத்தான் இல்ல” என்று முடித்தார். ஊரார் துணியையெல்லாம் தைக்கிறார், தன் வாயை மட்டும் தைக்கமாட்டேன் என்கிறார்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. நீ விழுந்த நடைவழியை ஒழுங்கு பண்ணிவிட்டேன். கட்டிலில் உன் பக்கம் காலியாகக் கிடந்தது. காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வராது. நடைவழியில் இருந்த மூன்று சூட்கேஸை எடுத்து அங்கே வைத்தேன். பாராட்ட வேண்டாம். தெரிந்துகொண்டால் போதும்.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும் வீட்டுக்காரன்


பிப்ரவரி 24

என்னங்க,

கை மாவுக்கட்டில் இருப்பதால் நான் சொல்லச் சொல்லத் தங்கை எழுதுகிறாள். அவளாக எதையாவது சேர்த்தால் நான் பொறுப்பில்லை.

(அத்தான், நான் எதையும் சேர்க்கவில்லை. அக்கா சொல்வதில் பாதியைக் குறைத்துத்தான் எழுதுகிறேன். இது தங்கை.)

ஏழு மணிக்கு அடித்தது நான்தான். வேறு யார் உங்களுக்கு அடிப்பார்கள்?

பத்து நாள் கணக்குக் கேட்டீர்கள். நீங்கள் ஓய்வு பெற்ற மறுநாள், அந்த அறையை டயர் போட்டு வைக்கும் இடமாக மாற்றப் போகிறார்கள், மிச்சச் சாமானை எரித்துவிடுவார்கள் என்று சொல்லி மூன்று வேன் நிறையக் கொண்டுவந்து இறக்கினீர்கள். “பத்து நாளைக்குத்தான். உரியவங்களைத் தேடிப் பிடிச்சுக் கொடுத்துடுவேன்” என்றீர்கள். எட்டு வருடம் ஆகிறது. நான் ஏதாவது கேட்டேனா? என்னுடைய பத்து நாளும் கொஞ்சம் நீளட்டும்.

டாக்டரைக் கோபிக்காதீர்கள். அவர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்.

“இருமல் எத்தனை நாளா இருக்கு?”

“வருஷமா இருக்கு.”

“சரியாத் தூங்குறீங்களா?”

“எப்படிங்க? ஏதாவது சரிஞ்சு விழுமோன்னு ஒரு காது முழிச்சிட்டே இருக்கும்.”

“படுக்கிற ரூம்ல அப்படி என்னதான் இருக்கு?”

“நூத்துப் பதினேழு குடை.”

பேனாவை மூடிவிட்டார். பிறகு, “இந்த 170 பிரஷருக்கு நான் மாத்திரை தர்றேன். குடைக்கு என்கிட்ட மாத்திரை இல்லைம்மா” என்றார்.

இங்கே எனக்கு மாடி அறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், சுவரில் ஓர் ஆணி. ஆணியில் என் பை. அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. விழுவதற்கு இங்கே ஒன்றும் இல்லை என்று உடம்புக்குப் புரிய மூன்று நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு தூங்கினேன் பாருங்கள், தங்கை மூக்கில் விரலை வைத்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாளாம்.

அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். “ஏன்க்கா, கதவு முழுசாத் தொறந்துதானே இருக்கு? நண்டு மாதிரி ஏன் பக்கவாட்டுல வர்ற?” என்றாள். அதுவரை எனக்கே தெரியாது. எட்டு வருடமாக அப்படியேதான் நடந்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி


மார்ச் 4

வீட்டில் இல்லாத வீட்டுக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. யாருடைய கடிதம் என்பதில்தான் சந்தேகம். கையெழுத்து உன்னுடையது இல்லை. கையெழுத்துப் பொருந்தாத எந்தக் காகிதத்தையும் நான் ஏற்றது கிடையாது. மூக்கில் விரலை வைத்துப் பார்ப்பது உன் குடும்பத்து வழக்கம் என்பதால் மட்டும் பதில் எழுதுகிறேன்.

நான் படித்ததெல்லாம் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன புத்தகங்களில்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னிடம் இருக்கும் மருத்துவப் புத்தகத்தில் இரத்த அழுத்தம் ஏறுவதற்குப் பதினான்கு காரணம் போட்டிருக்கிறது. குடை அதில் இல்லை. 212ஆம் பக்கத்துக்குப் பிறகு புத்தகம் கிழிந்திருக்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இதைச் சோதித்தே பார்த்துவிட்டேன். நம்மிடம் ஓர் இரத்த அழுத்தக் கருவி இருக்கிறது (தடம் 14, முன் இருக்கைக்கு அடியில் கிடைத்தது). என் கையில் கட்டிப் பார்த்தேன். 176 காட்டியது. எத்தனையோ வருடமாகச் சும்மா கிடந்த கருவி. அதற்குத்தான் உடம்பு சரியில்லை. இருமலும் கொஞ்சம் உண்டு. அது காற்று மாறுவதால் வருவது.

நேற்று மதியம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். இப்போது அதில்தான் தூங்குகிறேன். கட்டிலில் என் பக்கமும் கொஞ்சம் சாமான் சரிந்திருக்கிறது. கனவில் வீடு கிளம்பிவிட்டது. குலுங்கிக் குலுங்கிப் போகிறது. சூட்கேஸ்களெல்லாம் இருக்கையில் உட்கார்ந்திருக்கின்றன. குடைகள் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தொப்பிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்குகின்றன. நான் நடுவில் போய் ஒவ்வொன்றிடமும், “எங்க இறங்கணும்? எங்க இறங்கணும்?” என்று கேட்கிறேன். ஒன்றும் பதில் சொல்லவில்லை. ஜன்னலோரத்தில் ஓர் இருக்கை மட்டும் காலி. அதில் யாராவது உட்கார்ந்துவிடப் போகிறார்களே என்று, பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். எந்த நிறுத்தத்திலும் யாரும் ஏறவில்லை.

இதை வைத்து எனக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். பணிமனை அறையில் என் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று அழுதவர்கள் உண்டு, கத்தியவர்கள் உண்டு. அழுகைக்கும் கோபத்துக்கும் நான் ஒரு கைக்குட்டையைக்கூடக் கொடுத்ததில்லை. ஆனால் படிவத்தை முறையாக நிரப்பி, அடையாளம் சரியாகச் சொன்ன ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பியதும் இல்லை. அடையாளம் சொல்லத் தெரியாத மேலதிகாரியை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும் வீட்டுக்காரன்


மார்ச் 20

என்னங்க,

கட்டைப் பிரித்துவிட்டார்கள். இது என் கையெழுத்துத்தான். எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. இந்தக் கடிதத்தை எழுத இரண்டு காலைகள் பிடித்தன.

இங்கே டாக்டர் பார்த்தார். இரத்த அழுத்தம் 132. மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். இருமல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் தேடவும் இல்லை. உங்கள் 176க்குக் கருவியைக் குறை சொல்லாமல், போய் ஒரு டாக்டரிடம் கையை நீட்டுங்கள்.

நானும் ஒரு கனவு கண்டேன். நம் வீட்டுக்குள் நடக்கிறேன். இரண்டு பக்கமும் பெட்டிகள் ஈரச் சுவர்போல உயர்ந்துகொண்டே போகின்றன. நடுவில் வழி, தண்ணீர் போகிற மாதிரி வளைந்து வளைந்து போகிறது. எங்கேயோ உள்ளே நீங்கள் இருமுகிறீர்கள். சத்தம் வருகிற பக்கம் போகிறேன். ஒரு குடை தானாக விரிந்து வழியை அடைக்கிறது. மடக்கிவிட்டுப் போகிறேன், அடுத்தது விரிகிறது. நூற்றுப் பதினேழையும் மடக்கிவிட்டேன். உங்களிடம் போய்ச் சேரவில்லை. விழித்துப் பார்த்தால் தோள் இரண்டும் காதோடு ஒட்டியிருந்தன.

எட்டு வருடமாக ஒன்றும் கேட்காதவள் இப்போது ஒன்று கேட்கிறேன். நடைவழியில் அந்தப் பச்சைச் சூட்கேஸின் கைப்பிடியில் கால் மாட்டித்தான் விழுந்தேன். சூட்கேஸில் கட்டியிருந்த சீட்டும் அறுந்து என் பக்கத்தில் விழுந்தது. நீங்கள் ஓடி வந்தீர்கள். குனிந்தீர்கள். முதலில் எடுத்தது அந்தச் சீட்டை. “நல்லவேளை, கிழியல” என்றீர்கள்.

கை ஒடிந்த வலி மறந்துவிட்டது. அந்த ‘நல்லவேளை’ மறக்கவில்லை.

இப்போது நான் படுத்த இடத்தில், அதே பச்சைச் சூட்கேஸைக் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். பாராட்ட வேண்டாம் என்று வேறு எழுதுகிறீர்கள்.

இந்த மாடி அறையை ஒரு பள்ளிக்கூட டீச்சர் வாடகைக்குக் கேட்கிறார். “நீ இருக்கறதா இருந்தா அவங்களுக்கு இல்லைன்னு சொல்லிடறேன்க்கா. யோசிச்சுச் சொல்லு. மே மாசம் முதல் வாரம் வரைக்கும் பொறுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க” என்கிறாள் தங்கை. நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. வர ஆசையாகத்தான் இருக்கிறது. வந்தால் எங்கே நிற்பது?

உங்கள்
வீட்டுக்காரி


மார்ச் 29

வீட்டுக்காரிக்கு,

சீட்டைப் பற்றி எழுதியிருந்தாய். கை தன்னால் போயிற்று. முப்பத்தேழு வருடம் ஒரே வேலையைச் செய்த கை அது. சீட்டு அறுந்துவிட்டால் பொருள் அநாதை. எந்தத் தடம், எந்த நாள், எந்த இருக்கை என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. நீ விழுந்தாலும் நீ யார் என்று எனக்குத் தெரியும்.

நாற்பது வருடமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை. விஷயம் தெரியாமல் நீ பேசக் கூடாது என்பதற்காக.

நமக்குக் கல்யாணமான வருடம். ஒருவர் தடுப்புக்கு முன்னால் வந்து நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

“கைத்தடிங்க. நீளமா இருக்கும். பழசு.”

“அடையாளம்?”

“கத்தியால கீறின கோடு இருக்கும். கீழேயிருந்து ஆறு கோடு. என் பொண்ணு உயரம். நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து ஆறு மாசத்துக்கு ஒண்ணு. ஆறோட நின்னு போச்சு.”

எனக்கு நினைவிருந்தது. அந்தக் கோடுகளை என் விரலால் தடவிப் பார்த்துத்தான் சீட்டு எழுதியிருந்தேன். பணிமனை விதி தொண்ணூறு நாள். அவர் வந்தது தொண்ணூற்றிரண்டாம் நாள். ‘கைத்தடி பதினொன்று, ஒரே கட்டு’ என்று எழுதி ஏலத்துக்குக் கொடுத்ததும் நான்தான்.

“முந்தாநாள் ஏலத்துல போயிடுச்சுங்க.”

கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை. “பரவாயில்லைங்க. நான்தான் லேட்டு” என்றார். என் மேஜையில் சாய்ந்து கிடந்த ரப்பர் முத்திரையை எடுத்து நேராக நிறுத்திவிட்டுப் போனார். ஏழாவது கோடு ஏன் இல்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்குத்தான் உன்னிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்தேன். அதற்குப் பிறகு தொண்ணூறு நாள் விதிக்கு என் கையால் ஒரு பொருள் போனதில்லை. ஏதாவது ஒரு காரணம் எழுதி நிறுத்தி வைப்பேன்.

ஆகவே ஒரு குடையைக்கூட நான் தூக்கிப் போடுவதாக இல்லை. அங்கே காற்று அவ்வளவு நன்றாக இருக்கிறது என்றால் அங்கேயே இரு. டீச்சருக்கு அறை இல்லை என்று உன் தங்கையைச் சொல்லிவிடச் சொல்.

வீட்டுக்காரன்


ஏப்ரல் 18

என்னங்க,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

அன்று உங்கள் வயிறு நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அப்போதே தெரியும். புதுப் பெண் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன். அந்தத் தவறு என்னுடையது.

அழுகைக்கும் கோபத்துக்கும் எதையும் கொடுக்கமாட்டேன், படிவத்துக்குக் கொடுப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். அச்சடித்த படிவம் தீர்ந்துபோய், பணிமனையில் புதிதாகக் கொடுக்காமல் இழுத்தடித்த அந்த வருடம் நினைவிருக்கிறதா? சமையலறையில் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நானூறு படிவம் உங்களுக்குக் கையால் எழுதிக் கொடுத்தவள் நான். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. இதோ:

தவறவிட்ட பொருளைத் திரும்பக் கோரும் படிவம்

பொருள் ஒன்று: கட்டிலில் இடது பாதி.
அடையாளம்: தலைமாட்டுச் சட்டத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணத் தழும்பு. சுட்டது நான். பழியை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள்.
கடைசியாகப் பார்த்தது: பிப்ரவரி 3, காலை.

பொருள் இரண்டு: ஜன்னல். படுக்கையறை, தெருப்பக்கம்.
அடையாளம்: இடமிருந்து மூன்றாவது கம்பி வளைந்திருக்கும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, டைலரிடம் ஏணி வாங்கி ஏறிய அன்று நீங்கள் வளைத்தது.
கடைசியாகப் பார்த்தது: எட்டு வருடத்துக்கு முன்பு.

பொருள் மூன்று: நடைவழி. மூன்றடி அகலம்.
அடையாளம்: நேராக நடக்கலாம்.
கடைசியாகப் பார்த்தது: மேற்படி.

தவறவிட்ட விதம்: கொஞ்சம் கொஞ்சமாக.

படிவம் முடிந்தது. உங்கள் குடைகளை நான் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஊராருடைய பொருளை நாற்பது வருடமாகக் காத்தீர்கள். என்னுடைய பொருளைக் கேட்கிறேன்.

மே நான்காம் தேதியோடு எனக்குத் தொண்ணூறு நாள் முடிகிறது. அதற்குப் பிறகு தங்கையிடம் பதில் சொல்லியாக வேண்டும்.

கோருபவர் கையொப்பம்:
வீட்டுக்காரி


ஏப்ரல் 28

கோரிக்கையாளருக்கு,

உன் படிவம் கிடைத்தது. இரண்டு நாள் அதை நான் தொடவில்லை.

மூன்றாம் நாள் எடுத்தேன். அடையாளம் சரிபார்க்காமல் ஒரு கோரிக்கையைத் தள்ளுபடி செய்ய முடியாது. தள்ளுபடி செய்ய வேண்டும் என்றுதான் ஜன்னல் பக்கம் தோண்ட ஆரம்பித்தேன். மூன்றாவது கம்பி இல்லை, நான்காவது கம்பிதான் வளைந்தது என்பது என் எண்ணம். பகல் முழுதும் குடைகளைக் கட்டுக் கட்டாக எடுத்து நடைவழியில் அடுக்கினேன். மறுநாள் ஜன்னலைத் தொட்டேன். தாழ்ப்பாள் துருவேறியிருந்தது. தையல் மெஷின் எண்ணெய் விட்டு டைலர்தான் திறந்தார்.

மூன்றாவது கம்பிதான்.

வெளிச்சம் உள்ளே வந்தது. வந்த வழியில் தூசி எழுந்து நின்றது, ஒரு ஆள் உயரத்துக்கு, அசையாமல். எட்டு வருடமாக இதைத்தான் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தோம். டைலர் தும்மினார். நான் இருமினேன். அவர் பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போது மழை பிடித்தது. எதிரே பேருந்து நிறுத்தம் இருக்கிறதே, அது இந்த ஜன்னலிலிருந்து தெரியும் என்பதையே மறந்துவிட்டேன். ஒருவர் தலையில் பை. ஒருவர் தலையில் செய்தித்தாள். ஒரு அம்மா குழந்தையைப் புடவைக்குள் மூடிக்கொண்டு நிற்கிறார். என் பின்னால் நூற்றுப் பதினேழு குடை. குடைக்கும் மழைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

ஒரு கட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

“எவ்வளவுங்க?”

“விலைக்கு இல்லைம்மா. இது உங்களுதா?”

“இல்லையே.”

“அப்ப இரவல். உரியவங்க வந்து கேட்டாக் கொடுத்துடணும்.”

“உரியவங்க யாருங்க?”

“தெரிஞ்சா நானே கொடுத்திருக்க மாட்டேனா?”

அவர் சிரித்துக்கொண்டே விரித்தார். டைலர் வாசலில் நின்று, “கடை எப்போ சார் தொறந்தீங்க?” என்று கத்தினார். கத்திக்கொண்டே அவரும் ஒரு கட்டைத் தூக்கி வந்தார். சீட்டுகளை மட்டும் அவிழ்த்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நான் எதையும் தூக்கிப் போடவில்லை என்பதைக் கவனி. வண்டியில் மறந்தவை மறுபடி வண்டி ஏறின.

முடிந்ததும் மேலே வந்து ஜன்னலில் நின்றேன். மேலிருந்து பார்த்தால் ஆட்கள் தெரியவில்லை. குடைகள் மட்டும் தெரிந்தன. கறுப்பு, நீலம், பூப்போட்டது, கம்பி ஒடிந்து ஒரு பக்கம் தொங்குகிற ஒன்று. தெரு முழுதும் அவை பாட்டுக்கு மிதந்து போயின. நிறுத்தத்தில் ஒவ்வொன்றாக மடங்கி வண்டிக்குள் ஏறின. கனவில் என்னிடம் பதில் சொல்லாமல் நின்றவை எல்லாம், தாங்கள் இறங்க வேண்டிய இடம் தெரிந்துதான் இத்தனை நாள் நின்றிருக்கின்றன. அந்தக் கைத்தடிக்காரர் வந்து நின்றிருந்தால் அவருக்கும் ஒன்று கொடுத்திருப்பேன். கைத்தடிக்கு அது ஈடாகாது. ஆனாலும் கொடுத்திருப்பேன்.

நூற்றுப் பதினாறு போயின. ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்த நிறுத்தத்தில் இறங்கி வீடு வரை நனையாமல் வர, யாருக்காவது தேவைப்படலாம்.

சூட்கேஸ்களைத் துணி போட்டு வைக்க டைலர் எடுத்துக்கொண்டார். தொப்பிகள் விஷயம் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. என்னிடம் இருக்கும் ஒன்பது கைத்தடிகளை யாருக்கும் கொடுக்கமாட்டேன். அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.

போன் கிடைத்துவிட்டது. பெட்டியிலும் இல்லை, தொப்பியிலும் இல்லை. உன் தலையணை உறைக்குள். நான்தான் வைத்திருக்க வேண்டும். அதன்மேல்தான் சூட்கேஸை ஏற்றியிருக்கிறேன். சார்ஜ் போட்டதும் காட்டியது: பத்து அழைப்பு, பத்தும் ஏழு மணி. இப்போது கூப்பிடலாம்தான். ஆனால் படிவத்துக்குப் பதில் எழுத்தில்தான் கொடுக்க வேண்டும்.

டாக்டரிடமும் கையை நீட்டினேன். அதே டாக்டர். மீசை முளைத்திருக்கிறது. அவருடைய கருவியிலும் 174. ஆகவே நம் கருவி சரியாகத்தான் இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து அதனிடம் வருத்தம் தெரிவித்தேன்.

இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். பச்சைச் சூட்கேஸில் இருந்தது. அதை நான் கிழிப்பது முறையில்லை. உன் கைக்குத் தெம்பு வந்ததும் நீ கிழி.

இனி தீர்ப்பு:

பொருள் ஒன்று: அடையாளம் சரி. தழும்பைத் துடைத்தேன்; போகவில்லை.
பொருள் இரண்டு: அடையாளம் சரி. திறந்திருக்கிறது.
பொருள் மூன்று: இரண்டரை அடி மட்டும் கிடைத்துள்ளது. மீதி அரை அடி பற்றி விசாரணை நடக்கிறது.

மூன்றையும் பிறர் மூலம் கொடுப்பதற்கில்லை. உரியவர் நேரில் வந்து, சரிபார்த்து, கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறு நாள் விதி இந்தப் பொருள்களுக்குப் பொருந்தாது.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும் வீட்டுக்காரன்


மே 1

என்னங்க,

நான்காம் தேதி காலை முதல் வண்டி. மாடி அறையைப் பற்றித் தங்கையிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அரை அடியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். நடைவழியில் நான் நேராக நடந்து காட்டுகிறேன். தோள் இடித்தால் அடுத்த வண்டி.

சீட்டைக் கிழித்துப் பார்த்தேன். நீங்கள் கட்டுகிற சீட்டு எவ்வளவு கெட்டி! பாதி வரைதான் கிழிந்தது. மீதியை வந்து கிழிக்கிறேன். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கை முன்போல ஆகவில்லை. கையெழுத்துக் கோணலாகத்தான் விழும். பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

உரியவர்